மலை மேல் ஒரு மஸ்அலா

தயம்மும் பற்றிய பாடத்தை நாம் முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். தண்ணீர் கிடைக்காத போதும், கிடைத்த தண்ணீர் குடிக்கத் தேவைப்படும் போதும், தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று அஞ்சும் போதும், வுளூவுக்குப் பகரமாகத் தூய மண்ணைக் கொண்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ள மார்க்கம் இடம் தந்திருக்கிறது. 'ஸயீத்' என்ற ஒரே சொல்லுக்குப் பொருள் காண்பதில் இமாம்கள் எவ்வாறு வேறுபட்டார்கள், நம் ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண்ணே ஏன் வேண்டும், ஹனஃபீ மத்ஹபில் புழுதி இல்லாத கல்லும் ஏன் போதும் என்பதையெல்லாம், ஃபத்ஹுல் முயீன் கிதாபை முன்னே விரித்து வைத்துக் கொண்டும், அதற்கு அப்பால் போயும், எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் நாம் பிறந்து, ஓதி, ஓதிக் கொடுக்கும் ஊரோ பள்ளிவாசல் ஹவ்ளில் கோடையிலும் தண்ணீர் தளும்பும் ஊர். மாணவர்கள் திண்ணைப் புழுதியில் கை தட்டித் தயம்மும் பழகுவார்கள். பாடம் முடிந்ததும் ஹவ்ளுக்கு ஓடி அந்தப் புழுதியைக் கழுவிக் கொள்வார்கள். நாமும் ஒரு நாளாவது, ஒரு வக்தாவது, தேவைப்பட்டுத் தயம்மும் செய்ததில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் மஸ்கட் நகரில் இருந்தோம். மகன் அங்கே ருவி பகுதியில் குடியிருக்கிறான். மருமகளுக்குத் துணையாக நம் இல்லத்தாரும், இல்லத்தாருக்குத் துணையாக நாமும் சென்றிருந்தோம். வீட்டில் நமக்கென்று வேலை எதுவும் இல்லை. சன்னலைத் திறந்தால் மலை. மாடிக்குப் போனால் நாற்புறமும் மலை. ஒரு புல்லும் இல்லாமல், அடுப்பிலிருந்து எடுத்து வைத்தாற்போல் கருகிய பழுப்பு நிறத்தில் நிற்கும் மலைகள். இவை எழுநூறு கிலோமீட்டர் நீளும் ஹஜர் மலைத்தொடரைச் சேர்ந்தவை. நம்மவர் சிலர் இப்பெயரை அன்னை ஹாஜரா (அலை) அவர்களோடு சேர்த்துப் பேசுவதைக் கேட்டோம். அது பிழை. அன்னையின் பெயரில் வருவது சிறிய ஹே. மலையின் பெயரில் வருவது பெரிய ஹா. ஹஜர் என்றால் கல், அவ்வளவே. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகி விடுவதால் நேர்ந்த மயக்கம்.

மத்ராவிலிருந்து கடலோரமாக ரியாம் வரை நடந்து, அங்கிருந்து மலையேறி, மறுபக்கம் இறங்கினால் மீண்டும் மத்ராவின் பின்வாசலுக்கே வந்து சேரலாம் என்று மகனின் நண்பர் ஒருவர் சொன்னார். கரையோரச் சாலை போடப்படுவதற்கு முன்னர் மக்கள் கால்நடையாகப் போய்வந்த பழைய வழி அது. இன்று அரசினர் அதற்கு ஓர் எண்ணிட்டு, பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகளால் அடையாளம் தீட்டி வைத்திருக்கிறார்கள். மலைவழி மட்டும் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். "வாப்பா, கடற்கரையில எவ்வளவு வேணும்னாலும் நடங்க. மலைப்பக்கம் மட்டும் தனியாப் போயிடாதீங்க. வெயில் ஏற ஆரம்பிச்சிடுச்சு. வெள்ளிக்கிழமை நானும் கூட வர்றேன்" என்றான் மகன். "சரி" என்றோம். அந்தச் 'சரி' நாவில் இருந்தது; நெஞ்சில் இல்லை. நமக்கு வயது ஐம்பத்தைந்து. சர்க்கரை நோய் வந்து ஒன்பது ஆண்டுகள். இவ்விரண்டும் மகனுக்கு நினைவிருந்தன.

மறுநாள் புதன்கிழமை. ஸுப்ஹுத் தொழுகைக்கு மத்ராவுக்கே போனோம். ஓமானில் பலர் இபாளீ மத்ஹபினர். தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்க விட்டே நிற்பார்கள். ஃபாத்திஹா முடிந்ததும் ஆமீன் ஒலிக்காது. முதல் நாள் அந்த அமைதியில் நாம் மட்டும் உரக்க ஆமீன் கூறிவிட்டுத் திகைத்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் நம் கையைப் பற்றி ஸலாம் கூறினார். நம் ஊர்களில் விரல் அசைவதற்கும் கை உயர்வதற்கும் நடந்திருக்கும் சண்டைகளை எண்ணிக் கொண்டோம். அது நிற்க.

தொழுதுவிட்டுக் கடலோரமாக நடந்தோம். துறைமுகத்தில் விளக்குகள் அணையத் தொடங்கியிருந்தன. மேலே போர்த்துக்கீசியர் கட்டிய மத்ராக் கோட்டை. 1507இல் இக்கரையைப் பிடித்தவர்கள், 1650இல் ஓமானியர்களால் விரட்டப்பட்டார்கள். அவர்களால் நம் தென்கரை முஸ்லிம்கள் பட்ட பாடும் அதே காலத்தது. ரியாம் பூங்காவின் மேலே, குன்றின் உச்சியில், சாம்பிராணிக் கலயத்தின் வடிவில் பெரிய வெண்ணிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதற்கு எதிரே பாதை தொடங்குகிறது. சூரியன் அப்போதுதான் கடலுக்கு மேல் வந்திருந்தது. கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி; பையில் நான்கு பேரீச்சம் பழங்கள்; காலில் நம் ஊரிலிருந்து கொண்டு போன தோல் செருப்பு.

அரபு நாட்டு மக்கள் செங்குத்தான மலைவழியை 'அகபா' என்கிறார்கள். ஓமானில் மலை மேல் ஏறும் தார்ச் சாலைகளுக்கும் இன்றும் அதுவே பெயர். அல்-பலத் அத்தியாயத்தில் இச்சொல் வருகிறது. அடிமையை விடுவித்தலும், பசித்த நாளில் உணவளித்தலும் அங்கே அகபா எனப்படுகின்றன. 'ஏற்றமான கணவாய்' என்று பொருள் சொல்லி நாம் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது வழக்கம். அன்று முதல் நூறடி ஏறுவதற்குள் மூன்று இடங்களில் நின்றோம். முழங்கால் நடுங்கிற்று. மூச்சு தொண்டையில் அறுத்தது. நற்செயலுக்கு ஏன் இந்தச் சொல்லை உவமையாக்கினான் இறைவன் என்பதை அந்த முழங்கால்தான் நமக்கு விளக்கிற்று. இப்படியே 'ஷிஃப்' என்றால் மலையிடுக்கு, 'வாதி' என்றால் நீரோடிய பள்ளம், 'ஸஃபா' என்றால் வழுவழுப்பான பாறை, 'மர்வா' என்றால் வெண்மையான சிக்கிமுக்கிக் கல் என்று அகராதியைப் பார்த்து நாம் சொல்லிக் கொடுத்தவை யாவும் அந்த ஒரு காலையில் ஒவ்வொன்றாகக் காலில் இடறின.

அம்மலைகளின் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிலத்தியல் அறிஞர்கள் உலகெங்கிலுமிருந்து இவற்றைப் பார்க்க வருகிறார்கள். இந்தக் கரும்பழுப்புப் பாறை கடலின் தரைக்கும் கீழே, பூமியின் உள்ளடுக்கில் இருந்தது. ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலப்பலகைகள் மோதியபோது அரபு நிலத்தின் மேல் ஏறி அமர்ந்து கொண்டது என்கிறார்கள். உடைந்த இடத்தில் பச்சையாக, பாம்புத் தோல் போல் பளபளக்கிறது. இடையிடையே வெள்ளை நரம்புகள். கடலுக்கு அடியில் கிடந்த கல்லைத் தொட்டுக் கொண்டு, ஒரு சொட்டு ஈரமில்லாத இடத்தில் நின்றோம். மஸ்கட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக நூறு மில்லிமீட்டர் அளவே. நம் ஊரில் கார்த்திகை மாதத்தில் ஒரே இரவில் அதைப் பார்த்திருக்கிறோம்.

கணவாயின் உச்சியை அடைந்தபோது மணி ஏழு. ஒரு பக்கம் கடலும் கப்பல்களும். மறுபக்கம் மலைக்குப் பின்னால் மலை. புட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. நாம் ளுஹாத் தொழுகையை விடாமல் தொழுது வருபவர்கள். ஊரில் அதைச் சிலர் அறிவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஏறி வரும் வழியில் வுளூ முறிந்திருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் வுளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் அரை லிட்டரை ஒட்டி வரும். புட்டியில் இருந்ததும் ஏறக்குறைய அதே அளவு.

இறங்கும் வழி இன்னும் பாதி இருக்கிறது, வெயில் ஏறுகிறது, இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு வேண்டும் என்று அறிவு சொல்லிற்று. ளுஹாவுக்கு ளுஹர் வரை நேரம் உண்டு. கீழே இறங்கி நிதானமாகத் தொழலாம் என்றும் சொல்லிற்று. பாறையின் அடியில் ஒரு பிடி புழுதியும் இருந்தது. நம் மத்ஹபுக்கு அதுவே போதும். ஆயினும் மனம் கேட்கவில்லை. கையில் தண்ணீர் இருக்கும்போது மண்ணைத் தேடுவதா என்று தோன்றிற்று. ஒரு முத்தில் வுளூச் செய்தோம் என்று பிற்காலத்தில் சொல்லிக் கொள்ளலாம் என்றும் தோன்றியதை இங்கே மறைப்பதில் பயனில்லை. கைகளை அளந்து கழுவி, வாய் கொப்பளித்து, முகம், முழங்கை, தலை, கால் என்று ஒவ்வொன்றையும் குறைவின்றிச் செய்தோம். இரண்டு மிடறு மிஞ்சிற்று. காற்று வீசும் அந்த உச்சியில் இரண்டு ரக்அத் தொழுதோம். இனிமையாகவே இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இறங்கும்போது பாழடைந்த பழங்குடியிருப்பு ஒன்று வருகிறது. கல் அடுக்கிய சுவர்கள், படிப்படியாகத் தடுத்த சிறு வயல்கள், தண்ணீர் கொண்டு வந்த கால்வாயின் சுவடு. இந்நாட்டில் 'ஃபலஜ்' என்னும் நீர்க்கால் முறை மிகப் பழமையானது. அவற்றுள் ஐந்தினை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கால்வாயில் அன்று புழுதி மட்டுமே இருந்தது. அதைப் பார்த்துக் கொண்டே நடந்ததில் பாறையில் தீட்டிய பட்டைகளைத் தவற விட்டோம். வாதி இரண்டாகப் பிரியும் இடத்தில் அகலமாகத் தெரிந்த கிளையில் திரும்பினோம். அரை மணி நேரம் நடந்த பிறகு அது ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒரு பாறைச் சரிவில் போய் முட்டிக் கொண்டது.

திரும்பி நடந்தோம். இப்போது வெயில் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. கருங்கல் இரு பக்கமும் அனல் வீசிற்று. வந்த வழி எது என்பது தெரியவில்லை. எல்லாக் கல்லும் ஒரே கல்லாக இருந்தது. கைப்பேசியில் ஒலியலை இல்லை. செருப்பின் வார் அறுந்தது. அதைக் கைக்குட்டையால் கட்டிக் கொண்டு பத்தடி நடப்பதற்குள் தலை சுற்றிற்று. கை நடுங்கத் தொடங்கியதும் அது சர்க்கரையின் இறக்கம் என்று புரிந்து, பேரீச்சம் பழத்தை எடுத்து வாயிலிட்டோம். விழுங்க எச்சில் இல்லை. மிஞ்சிய இரண்டு மிடறும் அந்தப் பழத்தைத் தொண்டைக்குள் இறக்குவதற்கே செலவாயின.

ஒரு சமுர் மரம் நின்றது. முள்ளும் துளி இலையுமாக, குடை போல. அதன் நிழலில் சாய்ந்தோம். எதிர்ப்பாறையில் வெண்ணிறக் கழுகு ஒன்று மஞ்சள் முகத்தோடு அமர்ந்து நம்மை நோக்கியது. அரபியில் இதை 'ரகம்' என்பார்கள். முன்பு திருக்கழுக்குன்றத்தில் உணவுக்கு வந்து போய், பின்னர் வராமற் போன கழுகும் இதே இனம்தான். மஸ்கட்டில் இவை மிகுதி. அது நம்மைப் பார்த்த பார்வை நமக்குப் பிடிக்கவில்லை.

அங்கேதான் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது.

1999ஆம் ஆண்டு. நாம் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய காலத்து முதல் மாணவர்களில் ஒருவர், குடும்பச் சுமையால் ஓதலை இடையில் விட்டு ஸவூதிக்குப் போயிருந்தார். பாலைவனத்தின் நடுவே குழாய் பதிக்கும் வேலை. அங்கிருந்து எழுதியிருந்தார்: வாரத்துக்கு இரண்டு முறை லாரியில் தண்ணீர் வருகிறது, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தருகிறார்கள், வுளூவுக்கு எடுத்தால் குடிக்கப் பற்றுவதில்லை, தயம்மும் செய்து தொழலாமா, ஹஜ்ரத்? கேள்வி இவ்வளவே. விடையும் நாம் அவருக்கே நடத்திய பாடத்தில் இருந்தது. தாகத்துக்குத் தேவையான தண்ணீர், இருந்தும் இல்லாத தண்ணீர். தன் தாகம் மட்டுமல்ல, உடனிருப்பவரின் தாகமும், கூட வந்த பிராணியின் தாகமும் கூட அதில் அடங்கும். இப்போது தாகம் இல்லாவிட்டாலும், பின்னர் வரும் என்பதே போதும். தண்ணீர் இல்லாமை வழக்கமாக உள்ள இடமாயின் அத்தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டியதும் இல்லை. இத்தனையும் நமக்கு மனப்பாடம்.

ஆனால் நமக்கு அப்போது வயது இருபத்தொன்பது. வெளிநாடு போனவர்கள் மார்க்கத்தில் சலுகை தேடுகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை தோறும் பேசிக் கொண்டிருந்த காலம். ஹவ்ளின் கரையில் உட்கார்ந்து கொண்டே பதில் எழுதினோம். "தண்ணீர் கண்ணெதிரே இருக்கையில் தயம்மும் ஏது? குடிப்பதைச் சிக்கனப்படுத்துங்கள், கடமையைச் சிக்கனப்படுத்தாதீர்கள்." இந்த இரண்டாவது வாக்கியம் அழகாக அமைந்துவிட்டதென்று அன்று மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. அவரிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை.

மணற்குன்றின் நடுவே நிற்பவர் கேட்ட கேள்வியை நாம் திண்ணைப் புழுதியில் நின்றுகொண்டு படித்திருக்கிறோம். சமுர் மரத்தடியில், உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்த நிலையில், அந்த வாக்கியத்தை நமக்கு நாமே சொல்லிப் பார்த்தோம். சற்று முன் கணவாயின் உச்சியில் நம் மனம் சொன்னதும் அதுவேதான். ஆனால் நாம் ஒரு மணி நேரம் வழி தவறியவர். சில மைலில் வீடு. அவர் அங்கே மாதக்கணக்கில் இருந்தவர்.

எவ்வளவு நேரம் போயிற்றென்று தெரியவில்லை. சரளைக்கல் சரியும் ஒலி கேட்டது. ஓமானிய இளைஞர் ஒருவர், பதினெட்டு வயதிருக்கலாம், மலைவழியில் ஓடிப் பயிற்சி செய்பவர் போலும், மேட்டிலிருந்து நம்மைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். எழுந்து நின்று ஸலாம் கூறி, "ஹல் இந்தக்க மாஉன்?" என்று தன்வீன் குன்றாமல் கேட்டோம். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, "பானீ? பானீ சாஹியே?" என்றார். முப்பது ஆண்டு இலக்கணத்துக்குக் கிடைத்த விடை! மத்ராவில் இந்தி பேசத் தெரியாதவர் குறைவு என்று பின்னர் மகன் சொன்னான்.

அவர் முதுகுப் பையிலிருந்து புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, நம் கையில் கொடுக்காமல் தாமே நம் வாயருகே பிடித்தார். "ஷ்வய், ஷ்வய்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக என்பது பொருள். பாதி குடித்ததும் போதும் என்று தள்ளினோம். அவர் விடவில்லை. "உங்களுக்கு?" என்று கேட்டோம். கீழே ஊர் இருப்பதைக் கையால் காட்டிச் சிரித்தார். நம் பையை வாங்கித் தோளில் மாட்டிக் கொண்டு, அறுந்த செருப்போடு நாம் நடந்த நடைக்குத் தம் நடையைக் குறைத்துக் கொண்டு, மூன்று பட்டை தீட்டிய பாறை வரை அழைத்து வந்தார். நாம் தவறவிட்ட பிரிவு அங்கிருந்து நூறு எட்டுக் கூட இருக்காது. கீழே வீடுகளின் கூரைகள் தென்பட்டதும் ஸலாம் கூறிவிட்டு, வந்த வழியே மீண்டும் மேலே ஓடினார். பெயரைக் கேட்க மறந்தோம்.

மத்ராவின் பின்சந்துகளில் இறங்கியபோது மணி ஒன்பதரை. ஒரு வீட்டு வாசலில் சிறுவன் பூந்தொட்டிக்குக் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருந்தான். அது படிக்கட்டில் வழிந்து சாலைக்கு ஓடியது. அதைப் பார்த்துக் கொண்டே நின்றோம்.

மகன் கோபிக்கவில்லை. "கடற்கரைதானே வாப்பா?" என்று கேட்டான். "இல்லை" என்றோம். மருமகள், "மாமா, முதல்ல இதைக் குடிங்க" என்று உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டினாள். இல்லத்தார் மட்டும் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, அந்த மாணவரின் தமையனாரிடம் விசாரித்தோம். பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. நம்மைக் கண்டதும் கையைத் துடைத்துக் கொண்டு வந்து முஸாஃபஹா செய்தார். கடிதம் பற்றிக் கேட்டோம். மறந்திருப்பார் என்ற நப்பாசை இருந்தது.

"ஞாபகம் இருக்கு, ஹஜ்ரத். நீங்க எழுதினது வந்து சேர்றதுக்குள்ள பதிமூணு நாள் நாங்க தயம்மும் செஞ்சுதான் தொழுதோம். கடிதம் வந்ததும் கணக்கெழுதி வெச்சுக்கிட்டேன். அறுபத்தஞ்சு வக்து. ஊருக்கு வந்த முதல் மாசமே கழாச் செஞ்சு முடிச்சிட்டேன்."

"கடிதம் வந்த பிறகு?"

"அதுக்கப்புறம் குடிக்கிறதைக் குறைச்சுக்கிட்டோம்" என்றார். குறையாக அவர் சொல்லவில்லை.

நாம் அவருக்கு அந்த மஸ்அலாவை, முன்பு நடத்திய அதே வரிசையில், முழுவதுமாகச் சொன்னோம். அந்தக் கழா அவர் மீது கடமையாக இருக்கவில்லை, பிழை நம்முடையது, அல்லாஹ்விடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றோம். பாடத்தில் உட்கார்ந்திருந்ததைப் போலவே தலை குனிந்து கேட்டுக் கொண்டிருந்தார். முகாமில் உடனிருந்த மூவரில் ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்றும், மற்ற இருவரின் முகவரி தம்மிடம் இருக்கிறது என்றும் சொன்னார். அதைக் குறித்துக் கொண்டோம். கடைக்கு யாரோ வந்து கூப்பிட்டார்கள். எழுந்தவர், நம் முன்னால் காலியாக இருந்த குவளையை எடுத்துத் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத் தேநீர் ஆற்றப் போனார்.